ஆளுக்கொரு இலை

நசீமாவின் உறுப்பினர் எண் 1187. மேற்குமலைத் தாவர நோயியலாளர் சங்கத்தில் அவள் சேர்ந்து ஆறு வருடம் ஆகிறது. இந்த ஆறு வருடத்தில் சங்கம் அவளுக்கு ஆறு பிறந்தநாள் வாழ்த்து அனுப்பியிருக்கிறது. அதில் இரண்டு, வேறு யாருக்கோ போயிருக்க வேண்டியவை. தலைவர் படம் போட்ட நாள்காட்டியும் வருடம் தவறாமல் வந்துவிடும். உத்தமபாளையத்தில் ஒரு கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுக்கிற உதவிப் பேராசிரியைக்கு இதற்கு மேல் என்ன அனுப்புவார்கள் என்று கேட்டால், அதுவும் நியாயம்தான்.

சங்கத்துக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. நானூறு பேர், எல்லாரும் செடிகொடிகளுக்கு வரும் நோயை ஆராய்கிறவர்கள். காலையில் யாராவது ஒரு பூப்படம் போட்டு வணக்கம் சொல்வார்கள். பூவின் அறிவியல் பெயர் தப்பு என்று இன்னொருவர் சொல்வார். அந்தப் பெயரே போன வருடம் மாறிவிட்டது என்று மூன்றாமவர் வருவார். மத்தியானச் சாப்பாடு வரைக்கும் பஞ்சாயத்து ஓடும்.

மூன்று வருடத்துக்கு முன்னால் அந்தக் குழுவில் நசீமா முதன்முதலாக வாய் திறந்தாள். "ஓடைப்பட்டியில் ஒரு பன்னீர் திராட்சைக் கொடி பார்த்தேன். சுற்றிலும் செவட்டை நோய். இதில் மட்டும் ஒரு புள்ளிகூட இல்லை. வேறு எங்காவது யாராவது இப்படிப் பார்த்திருக்கிறீர்களா?" என்று எழுதினாள். மூன்று பேர் கட்டைவிரல் காட்டினார்கள். ஒருவர் கும்பிட்டார். சங்கச் செயலாளர் கர்ணன் மட்டும் பதில் எழுதினார்: "செவட்டையை உண்டாக்குவது பூஞ்சை அல்ல, பூஞ்சை போன்ற ஒன்று. தெளிவுக்காக." நசீமா பூஞ்சை என்ற சொல்லையே எழுதவில்லை.

அவளுக்கு அன்றைக்கு வந்த கோபம் கொஞ்ச நஞ்சமல்ல. ஆனால் கொடி இருந்ததே, அது கோபத்தை எல்லாம் மறக்கடிக்கிற கொடி.

அதை அவள் கண்டுபிடித்தாள் என்று சொல்ல முடியாது. மாணவிகளைக் கூட்டிக்கொண்டு ஓடைப்பட்டிக்குப் போயிருந்தபோது, தோட்டக்காரி முருகம்மாள்தான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாள். "டீச்சர், இந்த ஒத்தக் கொடிக்கு மட்டும் சீக்கே வாரதில்ல. என்னானு பாருங்க. நான் சொன்னா எங்க வீட்டுக்காரரு சிரிக்காரு." பந்தலில் மற்றக் கொடிகளின் இலையெல்லாம் எண்ணெய் தெளித்த மாதிரி மஞ்சள் படர்ந்து, அடிப்பக்கம் வெள்ளையாகப் பூத்துக் கிடந்தன. அதுதான் செவட்டை. மழைக்காலத்தில் கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சை வைத்திருப்பவர்களைத் தூங்கவிடாத நோய். அந்த ஒரு கொடி மட்டும், எனக்கென்ன என்று பச்சையாக நின்றது.

அன்றிலிருந்து அந்தக் கொடிக்கு மருந்து அடிப்பதை நிறுத்தினார்கள். முருகம்மாளின் கணவர் வேலுச்சாமிக்கு இதில் துளியும் சம்மதமில்லை. மருந்து அடிக்காமல் ஒரு கொடியை விட்டுவைத்து ஊருக்கே நோயைப் பரப்புகிறார் என்று பக்கத்துத் தோட்டக்காரர்கள் டீக்கடையில் வைத்தே பேசினார்கள். மூன்று வருடம் பொறுத்தார். இந்த ஐப்பசியில் முடிவாகச் சொல்லிவிட்டார். "டீச்சர், இந்தத் தடவையோட முடிச்சுக்கங்க. இல்லேன்னா வெட்டி எறிஞ்சிட்டு வேற கொடி வச்சிருவேன்."

முடித்துக்கொள்ள நசீமாவும் தயார்தான். சங்கம் ஏழு ஊர்களில் ஆய்வுத் தோட்டங்களை ஒன்றோடொன்று கோத்து வைத்திருக்கிறது. ஓர் ஊரில் கிடைத்த நல்ல கொடியை ஏழு ஊரிலும் நட்டுப் பார்ப்பார்கள். ஏழிலும் தாங்கினால் அது நிஜமான சரக்கு. அதில் சேர ஒரு விதி இருந்தது. நோயை நாமே இலைகளில் தெளித்துவிட்டு, பத்தாம் நாள் திருப்பிப் பார்த்துக் கணக்கெடுக்க வேண்டும். மூன்று வருடம் இப்படிச் செய்ய வேண்டும். ஒவ்வொரு முறையும் நாற்பது இலைக்குக் குறையக் கூடாது. கடைசித் தடவை இரண்டு உறுப்பினர்கள் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். இந்த மாதம் முடிவதற்குள் அனுப்பாவிட்டால் அடுத்த வாய்ப்பு மூன்று வருடம் கழித்து. அதுவரை கொடி இருக்காது.

முதல் வருடம் இலைக்கு இலை காகிதச் சீட்டு கட்டினாள். மழையில் கரைந்துபோனது. இரண்டாம் வருடம் பிளாஸ்டிக் சீட்டு கட்டினாள். பளபளவென்று இருந்ததால் மைனாக்கள் கொத்திக்கொண்டு போயின. எப்படியோ இரண்டு வருடக் கணக்கும் நாற்பதுக்குக் குறையாமல் தேறிவிட்டது. இந்த வருடம் புத்திசாலித்தனமாக, இலைக்காம்பிலேயே மார்க்கர் பேனாவால் ஒன்றிலிருந்து நாற்பத்தெட்டு வரை பொடிப்பொடியாக எண் எழுதிவிட்டாள். கிட்டப் போய் உற்றுப் பார்த்தால்தான் தெரியும்.

இந்த நேரம் பார்த்துத்தான் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் கம்பத்துக்கு வந்தது. வேறோர் ஊரில் நடக்க வேண்டியது. அங்கே மண்டபம் கிடைக்கவில்லை. "நம் உறுப்பினர் நசீமா அந்தப் பக்கம்தானே இருக்கிறார்" என்று யாரோ நினைவுபடுத்த, 1187 ஒரே நாளில் உள்ளூர்ச் செயலாளர் ஆனாள். பெரிய பதவி என்று அவள் கணவன் அப்சல் வீட்டில் கேலி செய்தான். வெந்நீர் வரவில்லை என்று கூப்பிடுவார்கள், சர்க்கரை போடாத காபி கேட்பார்கள், வெங்காயம் பூண்டு சாப்பிடாதவர்கள் பட்டியல் ஒன்று வரும், அதுதான் பதவி. பஸ் நேரம் அறிவிப்பதற்காக வாட்ஸ்அப் குழுவில் அவளை அட்மினும் ஆக்கினார்கள்.

இருந்தாலும் அவளுக்கு உள்ளூரச் சந்தோஷம். கூட்டம் முடிகிற சனிக்கிழமை மாலை வயல் பார்வைக்கு ஓடைப்பட்டியைப் போட்டுக்கொண்டாள். அது நோயைத் தெளித்த ஒன்பதாம் நாள். மறுநாள் காலை பத்தாம் நாள் கணக்கு. தேனியில் தங்கப்போகிற இரண்டு உறுப்பினர்கள் வந்து சாட்சிக் கையெழுத்துப் போடுவதாக ஒப்புக்கொண்டிருந்தார்கள். கொடியைச் சுற்றி ஒரு கயிறு கட்டினாள். மூன்று வருடமாக யாரும் பதில் சொல்லாத கேள்வியை, முப்பத்தெட்டு பேர் நேரில் வந்து பார்க்கப்போகிறார்கள்.

வந்தார்கள். பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே வழியிலிருந்த ஆவாரம் செடியில் நாலைந்து பேர் குனிந்துவிட்டார்கள். அவர்களை ஓட்டிக்கொண்டு வந்து பந்தலுக்குள் சேர்ப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. அங்கே போய்ப் பார்த்தால் கயிற்றைக் காணோம். வேலுச்சாமி அதை அவிழ்த்து, "விஞ்ஞானிகளே வருக வருக" என்ற பேனரைக் கட்டப் பயன்படுத்தியிருந்தார்.

போகட்டும் என்று நசீமா ஐந்து நிமிடம் பேசினாள். நன்றாகவே பேசினாள். கடைசியில் உற்சாகம் மிஞ்சிப் போய் ஒரு வாக்கியம் சேர்த்தாள்.

"இந்த இலையில் செவட்டை விழாது. நம்பிக்கை இல்லையென்றால் நீங்களே திருப்பிப் பாருங்கள்."

அதைச் சொல்லி முடிப்பதற்குள் பஸ்ஸின் பின்சக்கரம் வாய்க்கால் சேற்றில் இறங்கிவிட்டது என்று கூப்பிட்டார்கள். உள்ளூர்ச் செயலாளர் ஓடினாள். கல் போட்டு, சாக்கு போட்டு, நாலு பேர் தள்ளிப் பஸ் மேலே ஏற அரைமணி நேரம் ஆனது. அவள் நிமிர்ந்து பார்த்தபோது எல்லாரும் வரிசையாக வந்து ஏறிக்கொண்டிருந்தார்கள். "அருமையான கொடிம்மா" என்று கர்ணன் கைகுலுக்கினார். தலைவர் சுயம்புலிங்கம் லேசாகத் தலையசைத்தார். நாற்பது வருடம் திராட்சையோடு மல்லுக்கட்டியவர். அவர் தலையசைப்பே பெரிது. பஸ் கிளம்பியபோது நசீமாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

பஸ் வளைவில் மறைந்ததும் முருகம்மாள் பக்கத்தில் வந்தாள்.

"டீச்சர், வந்தவுக எல்லாம் ஆளுக்கொரு எலையப் பிடுங்கிட்டுப் போறாகளே, கறிவேப்பிலை ஆயுற மாதிரி. உங்ககிட்டக் கேட்டுக்கிட்டாகளா?"

நசீமா ஓடினாள்.

நோயியல்காரர்களிடம் இலையைத் திருப்பிப் பார் என்றால் என்ன செய்வார்கள் என்பது அவளுக்குத் தெரியாதா? அவளே அப்படித்தானே. இலை கொடியில் இருக்கும்போதே திருப்பிப் பார்த்து அவர்களில் யாருக்கும் பழக்கமில்லை. பறித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, அடியைப் பார்த்து, பிறகு பைக்குள் போட்டுக்கொள்வார்கள். கை தானாகப் போகும். கொடியில் ஆயிரம் இலை இருந்தது உண்மைதான். ஆனால் நசீமா ஐந்தடி உயரம். அவளுக்கு எட்டிய இலைகளில்தான் எண் போட்டிருந்தாள். அவளுக்கு எட்டியது எல்லாருக்கும் எட்டும்.

எண்ணினாள். மறுபடி எண்ணினாள். நாற்பத்தெட்டில் பதினொன்று மிச்சம்.

சாட்சிக் கையெழுத்துக்காரர்களுக்குப் போன் போட்டாள். "அடடா" என்றார்கள். ஆளுக்கொன்று பறித்ததை ஒப்புக்கொண்டார்கள். பதினோரு இலைக்குக் கையெழுத்துப் போட விதியில் இடமில்லையே என்று வருத்தப்பட்டுவிட்டு, அப்படியானால் ராத்திரி ரயிலுக்கே கிளம்புவதாகச் சொன்னார்கள்.

நசீமா கவிழ்த்துப் போட்டிருந்த பழக்கூடை மேல் உட்கார்ந்து அழுதாள். அவளுக்கு வந்த கோபமெல்லாம் அவள் மேலேயே இருந்தது. திருப்பிப் பாருங்கள் என்று சொன்னது யார்?

வேலுச்சாமி பக்கத்தில் வந்து குந்தினார். நல்ல மனுஷன்தான். "சரி விடுங்க டீச்சர். நீங்களும் மூணு வருசம் பாத்துட்டீக. நாளைக்குக் காலையில கத்தரியோட வாரேன். பந்தல் மேல ஓடுற கைகள வெட்டி எறக்கிட்டு, அப்புறமா அடியத் தோண்டிக்கிறேன்" என்றார். முருகம்மாள் அவரை முறைத்தாள். ஆனால் கணவருக்கு அவள் கொடுத்த வாக்கும் இந்தத் தடவைவரைக்கும்தான்.

நசீமா போனை எடுத்தாள். இன்னும் அட்மின்தான், நாளைக்குத் தூக்கிவிடுவார்கள். மதிப்பிற்குரிய என்று ஆரம்பித்து நீளமாக ஒன்று எழுதி அழித்தாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு இப்படி எழுதினாள்.

"என் இலைகளைத் திருப்பித் தாருங்கள். நீங்கள் பறித்தது என் ஆய்வு இலை. காம்பில் எண் இருக்கும். தயவுசெய்து யாரும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்."

முதல் பதில் கர்ணனிடமிருந்து வந்தது. "எண் 17. தூக்கிப் போடுவதா? பஸ்ஸில் உட்கார்ந்ததுமே ஈரக் காகிதத்தில் சுற்றி டிபன் டப்பாவில் மூடிவிட்டேன். காலையில் திறந்து பார்த்துச் சொல்கிறேன்."

அதற்குக் கீழே மளமளவென்று கொட்டியது. எண் 5, சோப்பு டப்பாவில். எண் 31, முறுக்கு வாங்கிய டப்பாவில். எண் 22, லாட்ஜில் தந்த குளியல் தொப்பிக்குள். எண் 40, குடிதண்ணீர் பாட்டிலைப் பாதியாக அறுத்து.

நசீமாவுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது. இதுவும் அந்தத் தொழிலின் கைப்பழக்கம்தான். சந்தேகத்துக்குரிய இலையை ஈரத்தில் மூடி ஒரு ராத்திரி வைத்துவிட்டால், உள்ளே நோய் ஒளிந்திருந்தாலும் காலையில் வெள்ளையாகப் பூத்துக் காட்டிக்கொடுத்துவிடும். யாரும் சொல்லாமலே, ஓடுகிற பஸ்ஸில், அத்தனை பேரும் அதைச் செய்து வைத்திருந்தார்கள். அவள் தனியாகச் செய்ய நினைத்ததைவிட இது கடுமையான சோதனை. கொடி தேறுமா என்பது இனிக் காலையில்தான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கே படங்கள் வர ஆரம்பித்தன. கோயம்புத்தூரிலிருந்து, மைசூரிலிருந்து, வயநாட்டிலிருந்து, தஞ்சாவூருக்குப் போகிற ரயிலிலிருந்து. எண் தெரிகிற மாதிரி காம்பு, பக்கத்தில் இலையின் அடிப்பக்கம். சுத்தம். சுத்தம். எண் 9, லென்ஸ் வைத்துப் பார்த்தேன், சுத்தம். ஒன்று புத்தகத்துக்குள் நசுங்கிக் கூழாகிவிட்டது. ஒன்றைப் பஸ் சீட்டிலேயே விட்டுவிட்டார்கள். இன்னொன்றை ஒரு பேராசிரியர் வீட்டு முயல் தின்றுவிட்டது. முயல் நலமாக இருப்பதாக அவர் தனியாகக் குறிப்பும் போட்டிருந்தார். மிச்சம் முப்பத்து நான்கும் சுத்தம். கொடியில் இருக்கிற பதினொன்றையும் சேர்த்தால் நாற்பத்தைந்து.

நசீமா ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு ஓடைப்பட்டிக்குப் பறந்தாள். தோட்டத்து கேட்டில் வண்டியை நிறுத்தும்போது போன் மறுபடி அதிர்ந்தது. தலைவர் சுயம்புலிங்கம் ஒரு படம் போட்டிருந்தார். காம்பு நறுக்கியிருந்ததால் எண் தெரியாத ஓர் இலை. அடிப்பக்கம் முழுக்க வெள்ளை. கீழே ஒரு வரி: "என் இலையில் நோய் தெளிவாக உள்ளது."

குழுவில் படங்கள் வருவது நின்றது. பிறகு மெல்ல ஆரம்பித்தார்கள். "ஐயாவின் அனுபவத்தின் முன் நாம் அவசரப்படக் கூடாது." "நானும் ஒரு சின்ன நிழல் பார்த்த மாதிரித்தான் இருந்தது." அரைமணி முன்னால் லென்ஸ் வைத்துப் பார்த்தவர்தான் அந்த நிழலைப் பார்த்தவர். முப்பத்து நான்கு சுத்தம், ஒன்று நோய் என்றால் விஞ்ஞானத்தில் மோசமில்லை. ஆனால் அந்த ஒன்று தலைவருடையது.

பந்தலுக்குள் வேலுச்சாமி கவாத்துக் கத்தரியோடு நின்றார். நசீமாவின் முகத்தைப் பார்த்ததும் அவருக்கே சங்கடமாகிவிட்டது. அவள் போனை நீட்டினாள். முருகம்மாள் இடையில் புகுந்து வாங்கிக்கொண்டாள். இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள்.

"டீச்சர், இந்த நரம்போரத்துல இதென்ன, நீலமா?"

நசீமா பார்த்தாள்.

"துத்தமில்ல இது? மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து போன வாரம் இவரு அடிச்சாரே, அந்த மருந்து. நம்ம கொடிக்குத்தான் மூணு வருசமா ஒரு சொட்டு காட்டலையே!" முருகம்மாளின் குரல் ஏறியது. "அந்தப் பெரியவுக உள்ள எங்க வந்தாக? வெள்ளைக் காச்சட்டை. சேறா இருக்குனு வாசக் கேட்டுப் பக்கத்துலயே நின்னுக்கிட்டாக. நாந்தான அங்கன கொண்டுபோயி சூசு குடுத்தேன். அங்கன இருக்க கொடியில கையை வச்சிருப்பாக."

நசீமா போனைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். நானூறு பேர் முன்னால், 1187 தலைவரிடம் கேட்க வேண்டும். தலைவரை எதிர்த்தவர்கள் சங்கத்தில் இல்லை என்றில்லை. இருந்தார்கள், இப்போது இல்லை. கேட்காமல் விட்டால் பதவி போகாது, பேர் கெடாது, வருடா வருடம் நாள்காட்டி வரும். கொடி மட்டும் போய்விடும். வேலுச்சாமியின் கையிலிருந்த கத்தரியைப் பார்த்தாள். எழுதினாள்.

"ஐயா, நேற்று நீங்கள் பந்தலுக்குள் வந்தீர்களா? உங்கள் இலையின் நரம்போரத்தில் துத்தம் தெரிகிறது. என் கொடிக்கு மூன்று வருடமாக மருந்தே அடிக்கவில்லை."

தலைவர் எழுதிக்கொண்டிருக்கிறார் என்று காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது. நானூறு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்திருப்பார்கள். ஓடைப்பட்டியில் மூன்று பேர் நிச்சயம் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

பதில் வந்தது. "வரவில்லை. சேறு. வாசலோரக் கொடியில் பறித்தேன். பெரிதாக்கிப் பார்த்தேன், துத்தம்தான். மருந்து அடித்த கொடியில் நோய் வந்திருக்கிறது, அடிக்காத கொடியில் வரவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க ஓர் இலை வேண்டுமல்லவா, என்னுடையதை அதற்கு வைத்துக்கொள்ளுங்கள். தவறு என்னுடையது. சுயம்புலிங்கம்."

அடுத்த நொடி கர்ணன்: "விதிப்படி சாட்சி இருவர். இங்கே முப்பத்து நால்வர். நான் கையெழுத்திடுகிறேன், எண் 17." பிறகு வரிசையாகக் கையெழுத்து விழுந்தது. நிழல் பார்த்தவரும் போட்டார்.

நசீமா அழுதாள். இந்தத் தடவை சந்தோஷத்தில். மூன்று வருடத்துக்கு முன்னால் அவள் கேட்ட கேள்விக்கு இப்போதுதான் பதில் வந்து கொண்டிருந்தது, அதுவும் எண் போட்டு.

மிச்சமிருந்த பதினொன்றையும் அவளே போய்ப் பார்த்தாள். குதிகாலை உயர்த்தி ஒவ்வொன்றாகத் திருப்பினாள். எல்லாம் சுத்தம். கடைசி, எண் 48. அதைத் திருப்பி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபோதுதான், இலை கொடியில் இல்லை, தன் கையில் இருக்கிறது என்பது தெரிந்தது.

"அடி ஆத்தா, நீங்களுமா டீச்சர்?" என்று முருகம்மாள் சிரித்த சிரிப்பில் பக்கத்துத் தோட்டத்து நாய் குரைத்தது.

வேலுச்சாமி மட்டும் சிரிக்கவில்லை. வாசலோரக் கொடியின் இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார். தன் கையால் கலக்கித் தன் கையால் அடித்த மருந்து. பிறகு நசீமாவிடம் வந்தார்.

"டீச்சர், அந்த ஏழு ஊருக்கும் இதுலருந்துதான குச்சி வெட்டி அனுப்பணும்?"

"ஆமாண்ணே."

"அப்ப எட்டாவதா நம்ம பந்தலையும் சேத்துக்கிருவீகளா?"

நசீமா முருகம்மாளைப் பார்த்தாள். முருகம்மாள் புருஷனைப் பார்த்தாள். சுட்டுவிடுகிற பார்வைதான், ஆனால் உதட்டோரம் காட்டிக்கொடுத்தது.

"வெட்டத்தான கத்தரியக் கொண்டாந்தீக? வெட்டுங்க. டீச்சரு சொல்ற எடத்துல மட்டும் வெட்டுங்க" என்றாள்.

நசீமா நல்ல முற்றிய கொடிக் கை ஒன்றைத் தேடி, மூன்று கணு எண்ணிக் காட்டினாள். வேலுச்சாமி கொண்டுவந்த கத்தரியால் அங்கே நறுக்கினார். குச்சியை அவள் வாங்கி, கைப்பையில் துழாவி மார்க்கர் பேனாவை எடுத்து, பட்டையின் மேல் பொடியாக ஒன்று என்று எழுதி முருகம்மாள் கையில் கொடுத்தாள்.